அந்த ஒரு ஊசி மட்டும் வேண்டாம்: செங்காங் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பெண் குழந்தைக்கு 14 மாதம். பிறந்த உடனேயே காசநோய்க்கான பிசிஜி ஊசி, ஹெபடைடிஸ் பி ஊசி இரண்டும் போட்டாயிற்று. 2, 4, 6ஆம் மாதங்களில் போட வேண்டியவற்றில் ஒன்றுகூடத் தவறவில்லை. 12ஆம் மாதத்தில் நிமோகாக்கல் ஊசியும் போட்டார்கள். அதே நாளில், அதே அறையில், தாதி அடுத்த ஊசியை எடுத்ததும் தாய் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "இது மட்டும் வேண்டாம்."

அது எம்எம்ஆர். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றையும் தடுக்கும் ஊசி. சிங்கப்பூரில் 12 மாதத்தில் ஒரு தவணை, 15 மாதத்தில் இன்னொரு தவணை.

நான் குழந்தை நலத் தாதி. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதே வேலை. ஊசிக்குத் தயங்கும் தமிழ்க் குடும்பங்களிடம் பேசுவதற்கு என்னை அடிக்கடி அழைப்பார்கள். அப்படித்தான் இந்தக் குடும்பம் என்னிடம் வந்தது. அவர்களின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவர்களின் கோப்பில் யாரோ 'தடுப்பூசி எதிர்ப்பு' என்று எழுதி வைத்திருந்தார்கள். எட்டு ஊசிக்குக் கையை நீட்டிய குடும்பம், ஒன்பதாவதுக்கு மட்டும் நீட்டவில்லை. இதற்கு எதிர்ப்பு என்று பெயர் வைத்ததுமே பாதி வழி அடைபட்டுவிட்டது. எந்த ஊசி, ஏன் அந்த ஊசி என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள்

கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், ஷிப்ட் வேலை. மனைவி கும்பகோணம் பக்கம், எம்.காம் படித்தவர், கல்யாணமாகி வந்து எட்டு வருடம். மாமியார் செம்பவாங் நேவல் பேஸ் குடியிருப்பில் பிறந்தவர். மூத்தவன் பையன், ஐந்து வயது. மூன்றரை வயதில் அவனுக்கு மதியிறுக்கம், அதாவது ஆட்டிசம், இருப்பதாக மருத்துவர்கள் உறுதி செய்தார்கள். வாரத்தில் சில நாள் பயிற்சிக்குப் போகிறான். மின்தூக்கிப் பொத்தான்கள் என்றால் அவனுக்கு உயிர்.

பையனுக்கு முதல் எம்எம்ஆர் ஊசி போட்டது முதல் பிறந்தநாள் முடிந்து மூன்று வாரம் கழித்து. எட்டாம் நாள் காய்ச்சல், இரண்டு நாளில் சரியாகிவிட்டது. 15ஆம் மாத ஊசி சளி, இருமல் என்று தள்ளிப்போனது. அந்த இடைவெளியில்தான் அவன் சொல்லிக்கொண்டிருந்த இரண்டு மூன்று வார்த்தைகள் நின்றுபோயின. 'மாமு' போயிற்று. 'லைட்டு' போயிற்று. தாய் நாள்காட்டியைப் பின்னோக்கிப் புரட்டினார். புரட்டிய கை நின்ற இடம் ஊசி போட்ட நாள். அதற்கப்புறம் பையனுக்கு இரண்டாவது தவணை போடவே இல்லை.

இதற்கு மேல் வெளியிலிருந்தும் சேர்ந்தது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மை, ருபெல்லா ஊசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகள் பலருக்கு நினைவிருக்கும். பெற்றோர்கள் பயந்துபோய்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்துக்கொண்டார்கள். முகாமின் காலக்கெடுவை நீட்டிக்க வேண்டியதாயிற்று. இவருடைய அக்காவும் தன் பிள்ளையை முகாம் அன்று வீட்டிலேயே நிறுத்திக்கொண்டவர். அன்று வந்த குரல் பதிவு ஒன்று பல வருடம் கழித்து இவர் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. பேசுகிறவர் யார் என்று தெரியாது. ஆனால் தஞ்சாவூர்த் தமிழில், சொந்தக்காரர் மாதிரிப் பேசுகிறார். நம் அறிவுரைத் தாள்கள் அந்தத் தமிழில் பேசுவதில்லை என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

நான் செய்த தவறு

என்னிடம் வருவதற்கு முன் அவர் போன ஒரு மருந்தகத்தில், "வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்புவீர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். அதோடு இரண்டு மாதம் எந்தப் பக்கமும் அவர் போகவில்லை. நான் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் நான் செய்ததும் அதைவிடப் பெரிதாக உதவவில்லை.

முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் வெறும் 12 பிள்ளைகளை வைத்து லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இந்தப் பயம் அங்கிருந்துதான் கிளம்பியது. 2010 பிப்ரவரியில் லான்செட் அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மே மாதம் அவரை மருத்துவர் பதிவேட்டிலிருந்தே நீக்கினார்கள். ஜப்பானில் 1993இலேயே எம்எம்ஆர் ஊசியை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகும் யோகோஹாமாவில் மதியிறுக்கம் கண்டறியப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் போயிற்று. 2019இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வில் 657,461 பிள்ளைகளைப் பார்த்தார்கள். ஊசியால் மதியிறுக்கம் கூடவில்லை.

எல்லாம் உண்மை. அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அக்கா, அந்த ஆறரை லட்சத்துல என் பையன் இல்லையே" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்த பிறகுதான் தெரிந்தது, நான் தவறான ஆய்விலிருந்து ஆரம்பித்துவிட்டேன் என்று. அவருடைய கேள்வி உலகத்துப் பிள்ளைகளைப் பற்றியது இல்லை. மூத்த பிள்ளைக்கு மதியிறுக்கம் உள்ள வீட்டில் இளைய பிள்ளைக்கு இந்த ஊசி ஆபத்தா என்பதுதான் கேள்வி. அதற்கென்றே ஓர் ஆய்வு இருக்கிறது. 2015இல் அமெரிக்காவில், அண்ணனோ அக்காவோ உள்ள 95,727 பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். மூத்த பிள்ளைக்கு மதியிறுக்கம் இருந்த வீடுகளிலும், ஊசி போட்ட இளையவர்களுக்கு அபாயம் கூடவில்லை. இன்னொன்றையும் அந்த ஆய்வு காட்டியது: அப்படிப்பட்ட வீடுகளில் இளைய பிள்ளைக்கு ஊசி போடுவது குறைந்திருந்தது. இந்தத் தாய் தனி ஆள் இல்லை. இதே பயத்தோடு எத்தனையோ தாய்மார் இருக்கிறார்கள்.

இளைய பிள்ளைக்கும் மதியிறுக்கம் வர ஏறத்தாழ ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு, ஊசி போட்டாலும் போடாவிட்டாலும். இதை இரண்டாம் சந்திப்பில் மறைக்காமல் சொன்னேன். சொல்லாமல் விட்டு, நாளைக்கு அந்தப் பெண் குழந்தைக்கும் பேச்சு தாமதமானால், பழி மறுபடியும் ஊசி மேல் விழும். என் மேலும் விழும்.

வேப்பிலை

இரண்டாம் சந்திப்பு அவர்கள் வீட்டில் நடந்தது. மாமியார் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "ஏம்மா, அம்மை எல்லாருக்கும்தான் வந்துச்சு. வேப்பிலை போட்டு, மஞ்சத்தண்ணி ஊத்தி, மாரியம்மாளுக்கு வேண்டிக்கிட்டா இறங்கிடும். எங்களுக்கெல்லாம் அப்படித்தான்" என்றார். பேசும்போதே அவர் கை தன் இடது தோளைத் தடவியது. அங்கே காசு அளவில் ஒரு தழும்பு, பெரியம்மைக்குக் குத்தியது. அவர் காலத்தில் தடுப்பூசி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், 'அம்மை குத்துறது' என்பார்கள்.

அந்த அம்மா சொன்னதை நான் மறுக்கவில்லை. மறுக்க மனமும் இல்லை. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகுவது, வெளியாள் வராமல் இருப்பது, வீட்டில் தாளிக்காமல் இருப்பது, நோயாளியைத் தனியே ஒரு பாயில் படுக்க வைப்பது எல்லாம் சேர்ந்து, கிருமியைக் கண்ணால் பார்க்காத காலத்தில் நம்மவர்கள் கண்டுபிடித்த தனிமைப்படுத்தல். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827இல் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பியவர்களுக்கு நோய் என்றால் என்னவென்று தெரிந்திருந்தது.

ஆனால் தட்டம்மை ஒரு தந்திரம் செய்கிறது. உடம்பில் தடிப்பு தெரிவதற்கு நாலு நாள் முன்பே அது அடுத்தவருக்குத் தொற்ற ஆரம்பித்துவிடும். அந்த நாலு நாளில் அது வெறும் காய்ச்சல், மூக்கொழுகல், சிவந்த கண். யாரும் வேப்பிலை கட்ட மாட்டார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மின்தூக்கியில் இறங்குவோம், கீழ்த்தளத்து விளையாட்டிடத்துக்குப் போவோம், தேக்கா சந்தைக்கும் போய் வருவோம். நோயாளி போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் நிற்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் பக்கத்தில் இருந்தால் ஒன்பது பேருக்கு வரும். வாசலில் கொத்தைச் செருகும்போது, அது காக்க வேண்டியவர்களுக்கு ஏற்கெனவே தொற்றியிருக்கும்.

இதைச் சொன்னபோது மாமியார் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பக்கத்து வீட்டுல அஞ்சு மாசக் கைக்குழந்தை இருக்கு" என்று மருமகளிடம் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். 12 மாதம் ஆகாத பிள்ளைக்கு இங்கே அட்டவணைப்படி இந்த ஊசி இல்லை. சுற்றி இருப்பவர்கள் போட்டுக்கொண்டால்தான் அதற்குக் காப்பு. நூற்றுக்கு 95 பேருக்கு எதிர்ப்புச் சக்தி வேண்டும் என்று நாங்கள் அடித்துக்கொள்வதும் இதற்காகத்தான்.

வீடியோ

மூன்றாம் சந்திப்பில் தாய் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "பாருங்கக்கா, ஊசி போடறதுக்கு முன்னாடி எவ்வளவு நல்லா இருந்தான்னு." பையனின் முதல் பிறந்தநாள். நீலக் கேக், வீடு நிறைய ஆட்கள், பாட்டு, கைதட்டல். பாட்டி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், சித்தப்பா கூப்பிடுகிறார், அப்பா கிலுகிலுப்பையை ஆட்டுகிறார். பிள்ளை சிரித்த முகமாக மேலே சுழலும் காற்றாடியையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கேக்கைச் சுட்டிக் காட்டவில்லை.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. 1994இல் அமெரிக்காவில் முதல் பிறந்தநாள் வீடியோக்களை மட்டும் வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பின்னாளில் மதியிறுக்கம் என்று தெரியவந்த 11 பிள்ளைகள், மற்றவர்கள் 11 பேர். பெயர் சொன்னால் திரும்புவது, முகத்தைப் பார்ப்பது, சுட்டிக் காட்டுவது, பொருளை எடுத்து நீட்டுவது இவற்றிலேயே வித்தியாசம் தெரிந்தது. அதே காட்சி என் கையில் இருந்தது. ஊசிக்கு மூன்று வாரம் முன்பு எடுத்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. "அழகா இருக்கான்" என்றேன். அது உண்மையும்கூட.

இதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் என்னோடு வேலை செய்யும் இளையவர்கள் பலர், "அங்கேயே காட்டியிருக்கலாமே, வாதம் முடிந்திருக்குமே" என்றார்கள். வாதம் முடிந்திருக்கும். அந்தத் தாய்?

பத்து நாள் கழித்து அவரே அழைத்தார். "அக்கா, அந்த வீடியோவ நேத்து ராத்திரி சவுண்டை நிறுத்திட்டுப் பார்த்தேன். சவுண்டு வெச்சா எல்லாரும் சிரிக்கிறதுதான் கேக்குது. நிறுத்தினா அவன் மட்டும் தெரியறான்." அப்புறம் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப நான்தான் கவனிக்கலையா?" என்றார்.

இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த ஒரு கேள்வியைத்தான். சில வருடமாக ஒரு பழி இருக்கிறது. அதை ஊசி சுமந்துகொண்டிருந்தது. ஊசியிடமிருந்து அதைப் பிடுங்கினால் அது ஆவியாகப் போய்விடாது, நேரே தாயின் தலையில் வந்து உட்காரும். ஆய்வு முடிவுகளை அவர் ஏற்க மறுத்தது அறியாமையால் இல்லை. ஏற்றுக்கொண்டால் அடுத்த நிமிடம் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்று அவருக்குள் ஏதோ ஒன்று தெரிந்து வைத்திருந்தது.

அன்று நான் தடுப்பூசியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. மதியிறுக்கத்தில் மரபணுக்களின் பங்கு பெரிது, மூளையின் அமைப்பில் அது பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது, அவர் சாப்பிட்டதோ சாப்பிடாததோ, தூக்கியதோ தூக்காததோ காரணம் இல்லை என்று சொன்னேன். அந்த வீடியோவில் இருந்த பெரியவர்கள் எல்லாரும் அதே காற்றாடியைப் பார்க்கும் பிள்ளையைப் பார்த்தார்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை என்றேன். எனக்கும், தாதியாக இல்லாவிட்டால், தோன்றியிருக்காது. பெரும்பாலான பிள்ளைகளிடம் அறிகுறிகள் பெற்றோர் கண்ணுக்குத் தெளிவாகப் படுவது ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில். எம்எம்ஆர் ஊசியின் காலமும் அதுதான். இரண்டும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன, அதனால் ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் போலத் தெரிகிறது.

அவர் அழுதார். நான் தொலைபேசியை வைக்கவில்லை.

கணவரின் பயம்

இவ்வளவு நாளும் "போட்டுடு, பாலர் பள்ளியில கேப்பாங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த கணவருக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. அது எம்எம்ஆர் பற்றியது இல்லை. 2021இல் 16 வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் கோவிட் ஊசி போட்ட ஆறாம் நாள், எடை தூக்கும் பயிற்சிக்குப் பிறகு, இதயத்துடிப்பு நின்றுபோனது. அது ஊசியால் வந்த கடும் பாதிப்பாக இருக்கலாம் என்று சுகாதார அமைச்சு ஏற்றுக்கொண்டு 225,000 வெள்ளி நிதியுதவி வழங்கியது. "அப்ப ஊசியில ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னது பொய்தானே?" என்றார்.

ஒன்றும் ஆகாது என்று நான் எப்போதும் சொல்வதில்லை. எம்எம்ஆர் போட்டால் ஒரு வாரத்திலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் காய்ச்சல் வரலாம், லேசான தடிப்பு வரலாம். மூவாயிரம், நாலாயிரம் தவணைக்கு ஒன்று என்ற அளவில் காய்ச்சல் வலிப்பும் வரும். பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் பின்விளைவு இல்லாமல் போய்விடும். தட்டம்மை வந்தால் ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு மூளையழற்சி, அதைவிட அதிகமானோருக்கு நிமோனியா. இரண்டையும் அவர் முன் வைத்தேன். பாதிப்பை ஒளிக்காமல் அறிவித்த அமைப்பை நான் கூடுதலாகத்தான் நம்புகிறேன் என்றும் சொன்னேன். அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் தன் பயத்தை மனைவியின் முன்னால் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை.

சட்டம் என்ன செய்தது

சிங்கப்பூரில் தொற்றுநோய்ச் சட்டப்படி இரண்டு நோய்களுக்குத்தான் பிள்ளைகளுக்கு ஊசி கட்டாயம். தொண்டை அடைப்பான் 1962இலிருந்து, தட்டம்மை 1985இலிருந்து. 1997இல் இங்கே தட்டம்மை ஆயிரம் பேருக்கு மேல் பரவிய பிறகு, 1998இல் இரண்டாவது தவணை வந்தது. 2019 பிப்ரவரி முதல், வெளிநாட்டில் பிறந்த 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இங்கே நீண்டகாலம் தங்க அனுமதி கேட்கும்போதே ஊசிச் சான்று காட்ட வேண்டும்.

பெற்றோரின் உரிமை என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் உண்டு. இந்தத் தாயும் கேட்டார்: "ஸ்கூலுக்காகவா என் பிள்ளைக்கு ஊசி?" நியாயமான கேள்வி. என் பதிலில் எனக்குச் சந்தேகம் இல்லை. பக்கத்து வீட்டு ஐந்து மாதக் குழந்தைக்குத் தேர்வு செய்ய வழியே இல்லாதபோது, நம் தேர்வு நம் வீட்டோடு நிற்பதில்லை. சட்டம் சரி. ஆனால் சட்டம் ஒரு தாயை வாசல்வரைதான் கூட்டிவரும். நெஞ்சோடு அணைத்த பிள்ளையை மடியில் இறக்கி உட்கார வைப்பது நம் வேலை.

அந்த நாள்

ஊசி போட வந்த அன்று ஒரு கோரிக்கை வைத்தார்: மருந்தைத் தன் கண் முன்னால் கலக்க வேண்டும். எனக்குச் சாமோவா நினைவுக்கு வந்தது. 2018இல் அங்கே இரண்டு குழந்தைகள் எம்எம்ஆர் போட்ட சில நிமிடங்களில் இறந்தன. மருந்தில் குறையில்லை, தாதிகள் கரைப்பு நீருக்குப் பதிலாகக் காலாவதியான தசைத் தளர்த்தியைக் கலந்துவிட்டார்கள். ஊசித் திட்டம் நிறுத்தப்பட்டது, மக்களின் நம்பிக்கை போயிற்று, ஊசி போட்டவர் விகிதம் சரிந்தது. 2019இல் தட்டம்மை வந்து 83 பேரைக் கொண்டுபோனது, பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் கீழே. தாதியாக அந்தச் செய்தியை நான் மறந்ததே இல்லை. ஆகவே அவர் கேட்டதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

பெட்டியைப் பிரித்தேன். சீசாவின் அடியில் வெள்ளைத் துகள், தனியே கரைப்பு நீர். இரண்டின் பெயரையும் காலாவதித் தேதியையும் அவரையே சத்தமாகப் படிக்கச் சொன்னேன். நீரை ஏற்றி, மெதுவாகச் சுழற்றி, கரைந்ததும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். "இவ்வளவுதானா?" என்றார். அரை மில்லி.

எட்டாம் நாள் இரவு காய்ச்சல் 38.6. என்னை அழைத்தார். குரலில் பதற்றம் இருந்தது, ஆனாலும், "நீங்க சொன்ன மாதிரியே எட்டாம் நாள்" என்றார். காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் குழந்தை விளையாட ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது தவணை 15 மாதத்துக்குப் பதில் 18 மாதத்தில் போட்டோம். அவருக்கு அந்த இடைவெளி தேவைப்பட்டது, நானும் அவசரப்படுத்தவில்லை. மருத்துவ ரீதியாக அந்தத் தாமதம் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று மாதம் அந்தப் பிள்ளை ஒரு தவணைக் காப்போடுதான் இருந்தது. ஆனால் அவசரப்படுத்தியிருந்தால் அவர் திரும்ப வந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது.

மறுபடி செய்வதாக இருந்தால், மூத்த பிள்ளையைப் பற்றி முதல் சந்திப்பிலேயே கேட்பேன். ஊசியைப் பேச்சில் எடுப்பதற்கு முன்பே கேட்பேன்.

அதற்கடுத்த மாதம் அவரே ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். பையன் தொடக்கநிலை ஒன்றுக்குப் போகப் போகிறான், அவனுக்கும் இரண்டாவது தவணை பாக்கி இருக்கிறதே என்று. கூட்டமும் சத்தமும் அவனுக்கு ஆகாது என்பதால் கடைசி நேரத்தில் வரச் சொன்னேன். அறை இரண்டாம் மாடியில். முதலில் மின்தூக்கியில் இரண்டு தடவை மேலே போய்க் கீழே வந்தோம், பொத்தானை அவன்தான் அழுத்தினான். அப்புறம் அம்மாவின் மடியில் உட்கார்ந்துகொண்டு, தானே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டான்.